கப்பலில் தொடங்காதீர்கள், காணியில் தொடங்குங்கள்

பிளாக் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஊர் வரலாற்றுக் குழு ஒன்று ஆரம்பிக்கிறோம். எல்லோருக்கும் தங்கள் பாட்டன் எந்தக் கப்பலில் மொரீஷியஸ் வந்தார் என்று தெரிந்துகொள்ள ஆசை. எங்கே தொடங்குவது, மாதா மாதம் என்ன செய்வது?"

தெற்கே சாவான் பக்கம் எங்கள் ஊரில் இப்படி ஒரு குழு பதினோரு வருஷமாக நடக்கிறது. நடுவில் ஒரு தடவை செத்துப் பிழைத்தது. அது ஏன் செத்தது என்பதிலேயே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது.

நாங்களும் கப்பலில்தான் தொடங்கினோம். பதினான்கு பேர். ஆளாளுக்குத் தாத்தாவின் பிறப்புச் சான்றிதழ், கொள்ளுத்தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் என்று தேடி எடுத்துக்கொண்டு மோகாவில் இருக்கும் மகாத்மா காந்தி இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பதிவேடுகள் அங்கேதான் இருக்கின்றன. 2015இல் யுனெஸ்கோ அவற்றை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. 1834இலிருந்து 1910 வரை ஏறத்தாழ 4,50,000 பேர் இந்தியாவிலிருந்து இந்தத் தீவுக்கு வந்தார்கள். பெரும்பகுதி கல்கத்தா வழியாக வந்தவர்கள், அடுத்தது நம் மதராஸ். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் உள்ள அடையாளம், மாவட்டம், கிராமம். 1860களுக்குப் பிறகு பலருக்குப் புகைப்படமும் உண்டு. கொள்ளுத்தாத்தா சட்டைகூட இல்லாமல் கேமராவை முறைத்துக்கொண்டிருக்கும் படத்தை முதல்முறை பார்க்கும்போது யாருக்கும் தொண்டை அடைக்கும். எனக்கும் அடைத்தது.

அப்புறம் என்ன நடந்தது? படம் கிடைத்தவர் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு வருவதை நிறுத்தினார். கிடைக்காதவர் மனசு விட்டுப்போய் நிறுத்தினார். வருஷக் கடைசியில் மூன்று பேர் மிச்சம். அது குடும்ப வரலாறு, தம்பி. நல்ல விஷயம்தான், ஆனால் அவரவர் வீட்டு விஷயம். அதற்கு ஊர்க்குழு எதற்கு? கப்பலை விட்டு இறங்கியவர் உங்கள் ஊருக்கு வரவில்லை. ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் ஒரு கரும்புத் தோட்டத்துக் கானுக்கு, அதாவது கூலி லயத்துக்குப் போனார். உங்கள் ஊர் என்பது பெரும்பாலும் அப்போது இருந்திருக்கவே இருக்காது.

ஊர் எப்போது பிறந்தது என்று கேளுங்கள். குழுவுக்குப் பத்து வருஷத்துக்கு வேலை கொடுக்கிற கேள்வி அதுதான். இந்தத் தீவில் பல கிராமங்களுக்கு விடை ஒரே சொல்லில் இருக்கிறது: மொர்செல்மான். 1870களிலிருந்து சர்க்கரை விலை இறங்கியது, சிறிய ஆலைகள் மூடிப் பெரிய ஆலைகளோடு சேர்ந்தன. தோட்ட முதலாளிகளுக்குக் கைக்காசு தேவைப்பட்டது. கல்லும் மேடுமான ஓரத்து நிலங்களைத் துண்டு போட்டு விற்றார்கள். வாங்கியவர்கள் யார்? ஒப்பந்தம் முடித்து, சர்தாராகவோ (கூலிகளுக்கு மேஸ்திரி) ஆள் பிடித்து வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரராகவோ நாலு காசு சேர்த்த நம் ஆட்கள். அவர்கள் அதை இன்னும் சின்னதாக்கி ஒரு அர்ப்பான், அரை அர்ப்பான் என்று மற்றவர்களுக்கு விற்றார்கள். ஒரு அர்ப்பான் ஒரு ஏக்கரைவிடச் சற்றே பெரிது. கானிலிருந்து வெளியே வந்து சொந்தக் காணியில் முதல் குடிசை போட்ட அன்றுதான் ஊர் பிறந்தது. எங்கள் ஊரில் நான்கு தெருக்களும் நான்கு விற்பனைப் பத்திரங்கள்தான். தெரு ஏன் திடீரென்று வளைகிறது என்றால் அங்கே ஒருவருடைய துண்டு முடிந்து இன்னொருவருடைய துண்டு தொடங்குகிறது.

இதைக் கண்டுபிடிக்க முதலில் 1880இல் டெஸ்கூப் வரைந்த தீவு வரைபடத்தின் நகல் ஒன்று வாங்குங்கள். தோட்டங்களின் பெயர் அதில் இருக்கும். உங்கள் ஊர் எந்தத் தோட்டத்தின் வயிற்றில் இருந்தது என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். அப்புறம் வீடுவீடாகப் போய்ப் பழைய நொத்தேர் பத்திரம், அதாவது பத்திரம் எழுதிப் பதியும் நோட்டரியின் பத்திரம், இருக்கிறதா என்று கேளுங்கள். பீரோவில், பிஸ்கட் டின்னில், சாமி படத்துக்குப் பின்னால் என்று எங்கேயாவது இருக்கும். ஒரு பத்திரம் கிடைத்தால் போதும். இந்த நிலத்தை விற்றவர் யாரிடம் வாங்கினார் என்பது அதற்குள்ளேயே எழுதியிருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் போகலாம். பழைய நொத்தேர்களின் ஏடுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கையெழுத்து கண்ணைப் பிழியும். ஆனால் பத்திரத்துக்குப் பத்திரம் அதே வாக்கியம்தான் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது பத்திரத்தில் பழகிவிடும்.

பெயர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், தமிழ் தெரிந்தவர்கள் குழுவுக்குள் இருந்தால் உண்மையில் உதவுகிற இடம் இது. நம் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் குடும்பப் பெயர்களே கிடையாது. வந்தவரின் சொந்தப் பெயர், இல்லையென்றால் அவர் தகப்பன் பெயர், அதுவே பதிவில் ஏறி வழிவழியாக உறைந்துவிட்டது. எழுதியவர் ஆங்கிலேய குமாஸ்தாவாகவோ பிரெஞ்சு குமாஸ்தாவாகவோ இருப்பார். அவர் காதில் விழுந்தது எழுத்தாயிற்று. முத்து இரண்டு விதமாக எழுதப்பட்டு இரண்டு குடும்பமானது. ஆர்மூகோம் என்பது ஆறுமுகம், வலேதோன் என்பது வேலாயுதன், குர்ப்பென் கருப்பன், மோர்கென் முருகன், மர்தேமூத்து மருதமுத்து. வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், எழுத்தைப் பார்க்காதீர்கள். பிரெஞ்சு படித்த நம் பிள்ளைகளுக்கு இது பிடிபடாது, தமிழ்நாட்டு ஆளுக்கும் பிடிபடாது. இரண்டு காதும் உள்ள உங்களுக்குப் பிடிபடும்.

கூப்பென் என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அது குப்பன். முதல் இரண்டு மூன்று பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில் அடுத்த பிள்ளையைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பேர் வைப்பார்கள், எமன் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. இந்தப் பெயரைத் தாங்கிய ஒருவரைத் தீவு முழுக்கத் தெரியும்: அஞ்சலை கூப்பென். 1943 செப்டம்பர் 27ஆம் தேதி பெல் வ்யூ ஹாரேல் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர்கள் மேல் போலீஸ் சுட்டபோது இறந்த நான்கு பேரில் அவரும் ஒருவர். வயிற்றில் பிள்ளை. மற்ற மூவரின் பெயர்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: கிருஷ்ணசாமி முனிசாமி, முனிசாமி முனியன், மருதை. விளையாட்டரங்கத்துக்கு அஞ்சலையின் பெயர் வைத்திருக்கிறோம், கால்பந்து பார்க்கப் போகிற பையனுக்கு அது ஒரு தமிழ்ப் பெயர் என்று தோன்றுவதில்லை. உங்கள் பிளாக் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான கதை இருக்கிறது. 1937 ஆகஸ்டில் ஊபா ரகக் கரும்புக்கு ஆலைகள் விலையைக் குறைத்தபோது சிறு விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள், ஆகஸ்ட் 13 அன்று யூனியன் பிளாக் தோட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அங்கே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் உங்கள் பக்கத்துத் தெருவில் இருக்கக்கூடும். இதைக் கேட்டு எழுத வெளியூரிலிருந்து யாரும் வரப் போவதில்லை.

ஒரு எச்சரிக்கை. பெயரை மட்டும் நம்பி முடிவுகட்டாதீர்கள். இந்தத் தப்பை நானே செய்தேன். ஒரு வீட்டுக்கு உங்கள் பாட்டனார் தஞ்சாவூர் என்று சொல்லி, அவர்களும் டிக்கெட் போட்டுக் கும்பகோணம் வரை போய்விட்டு வந்தார்கள். பிறகுதான் அதே பெயரில், அதே வயதில் வேறொருவர் சேலத்திலிருந்து வந்திருப்பது தெரிந்தது. ஒரு கப்பலில் ஐந்து முத்துசாமி இருப்பார்கள். எண் பொருந்தினால்தான் ஆள் பொருந்தினார் என்று அர்த்தம். அந்த வீட்டம்மா இன்னும் என்னைப் பார்த்தால் "என்ன மிஸ்யே, இந்த வருஷம் நாங்கள் எந்த ஊர்?" என்று கேட்கிறார்.

இன்னொரு குழி "மலபார்" என்ற சொல். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில், 1735க்குப் பிறகு கவர்னர் லா பூர்தொன்னே புதுச்சேரியிலிருந்து தச்சரையும் கொத்தரையும் கொண்டுவந்த நாளிலெல்லாம், மலபார் என்றால் தென்னிந்தியர். பக்கத்து ரெயூனியனில் இன்றும் மல்பார் என்றால் நம் ஆட்கள்தான். ஆனால் இங்கே பிறகு வடக்கத்திக்காரர் கூட்டம் பெருகியதும் சொல் திசை மாறிவிட்டது. இப்போது மல்பார் என்றால் போஜ்புரிப் பக்கத்து இந்து, நாம் மத்ராஸ். 1790 பத்திரத்தையும் 1930 பத்திரத்தையும் ஒரே கண்ணால் படித்தால் ஆளே மாறிப் போவார்கள்.

கோவிலுக்கு வருகிறேன். எங்கள் கோவில் மணியில் "குரோதி வருஷம் தை மாசம்" என்று வெட்டியிருக்கிறது, கீழே உபயம் செய்தவர் பெயர். ரோமன் எழுத்தில் தேவாரம் பாடுகிற எங்கள் ஊரில் அதைப் படித்தவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவு. கோவில் கமிட்டி யாரோ சொன்ன கணக்கில் 1965 என்று முடிவுசெய்து பொன்விழாவுக்கு நோட்டீஸ்கூட அடித்துவிட்டது. குரோதி 1965 தை மாசத்துக்குச் சரியாக வரும், தப்பில்லை. ஆனால் தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை சுற்றிவரும். 1905 தை மாசமும் குரோதிதான். எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? குழுவில் இரண்டு வாரம் சண்டை. கடைசியில் எங்களில் ஒரு பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், சிவில் பதிவேட்டில் உபயக்காரரின் இறப்பைத் தேடி எடுத்தார்: 1931. செத்தவர் 1965இல் மணி கொடுக்க முடியாது. பொன்விழா நூற்றாண்டு விழாவையும் தாண்டிப் போய்விட்டது, நோட்டீஸ் வீணாயிற்று. ஆனால் அதைவிடப் பெரிய விஷயம், 1905இல் மணி இருந்தால் மணி தொங்க ஒரு இடம் இருந்திருக்க வேண்டும். விசாரித்ததில் தோட்டத்துக் கானுக்குப் பின்னால் ஒரு கூரைக் கோவில் இருந்ததும், அது காலியானபோது மணியை மட்டும் தூக்கிவந்ததும் தெரிந்தது. இடத்தைப் போய்ப் பார்த்தோம். கரும்புக்கு நடுவில் ஒரு அரசமரம், அடியில் மஞ்சள் பூசிய மூன்று கல். யாரோ இன்னும் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், யார் என்று இதுவரை பிடிபடவில்லை.

பெரியவர்களிடம் பேசும்போது எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், யாருக்கும் நினைவிருக்காது. கரோலுக்கு முன்னா பின்னா என்று கேளுங்கள். 1960 பிப்ரவரிக் கடைசியில் அடித்த அந்தப் புயல் இங்கே எல்லோருக்கும் ஒரு சகாப்தம். வயதானவர் மெல்ல யோசித்து, "கூரை ஓலையாக இருந்தது, அப்படியென்றால் கரோலுக்கு முன்னே" என்பார். அதற்கும் முந்தியது என்றால் யுத்தக் காலம். பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசி 1942இல் நின்றுபோய்ச் சோளமும் மரவள்ளியும் தின்ற காலம். அடுத்தது மலேரியாவுக்கு வீட்டுக்குள் டிடிடி அடித்தது, ரயில் நின்றது. 1864இல் ஓடத் தொடங்கிய ரயிலில் 1956க்குப் பிறகு ஆட்களை ஏற்றவில்லை, 1964இல் மொத்தமாக நின்றது. அப்புறம் 1968 மார்ச் 12 சுதந்திரம், 1975 ஜெர்வேஸ் புயல். இந்த முளைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

கிழவிகளிடம் தனியாகப் பேசுங்கள். பக்கத்தில் மகன் உட்கார்ந்திருந்தால் அவர்தான் பதில் சொல்வார். எங்கள் முதல் இருபது பதிவுகளில் பத்தொன்பது ஆண்கள், அத்தனையும் தேர்தலும் கோவில் கமிட்டிச் சண்டையும். பிறகு ஒரு பாட்டியின் சமையல்கட்டில் உட்கார்ந்தபோதுதான் விடிகாலை மூன்று மணிக்கு எழுந்து மாட்டுக்குப் புல் அறுத்து வந்துவிட்டுக் கரும்புக்குக் களை எடுக்கப் போன கதை வந்தது. அந்தப் பாட்டி பேச்சோடு பேச்சாக ஒரு பொட்டலத்தை அவிழ்த்தார். உள்ளே சீனக் கடைக் கணக்கு நோட்டு. நம் கிராமங்களில் எல்லோரும் சீனக் கடையில் கடன்தான், கரும்பு வெட்டுக் காலத்தில் கூலி வந்ததும் அடைப்போம். நோட்டைப் புரட்டினேன். அரிசி, பருப்பு, உப்புமீன், மண்ணெண்ணெய், வெள்ளிக்கிழமை தவறாமல் கற்பூரம். 1960 பிப்ரவரி 26க்குப் பிறகு ஒன்பது நாள் ஒன்றுமே இல்லை. பத்தாவது நாள்: ஆணி, மெழுகுவர்த்தி. அடுத்த நாளும் ஆணி. அதற்கடுத்த நாள் ஆணி, கயிறு, பால் டின். புயலைப் பற்றி எத்தனையோ பேர் எங்களுக்குப் பேசிப் பதிவுசெய்திருக்கிறார்கள், ஊர்க் கண்காட்சியில் எல்லோரும் நின்று பார்த்தது அந்தப் பக்கத்தைத்தான்.

அந்தக் கடைக்காரரின் மகள் இப்போது எங்கள் குழுவில் இருக்கிறார். தமிழர் மட்டும் என்று கதவைச் சாத்திவிடாதீர்கள். ஊரில் கடை சீனருடையது, துணி விற்றவர் முஸ்லிம், ஆலையில் இயந்திரம் பார்த்தவர் கிரியோல், பக்கத்துக் காணி போஜ்புரிக்காரருடையது. அவர்கள் இல்லாமல் எழுதினால் அது கோவில் வரலாறாகிவிடும். கூட்டம் எல்லோருக்கும் பொதுவான கிரியோல் மொழியில் நடக்கட்டும், நாங்களும் அப்படித்தான். தமிழ் கல்வெட்டுக்கும் பெயருக்கும் பாட்டுக்கும் தேவைப்படும்போது தானே முன்னால் வந்து நிற்கும். இதில் மனசுக்குக் கொஞ்சம் கஷ்டம் இருக்கிறது, மறைக்கவில்லை.

சாதி. பதிவேட்டில் அது எழுதியிருக்கும், பெயரை மாற்றிச் சொல்லி ஏறியவர்களும் இருந்ததால் எழுதியது எல்லாம் உண்மையும் இல்லை. எங்கள் குழுவில் ஒரே விதி: சாதிக் கட்டத்தைக் கூட்டத்தில் வாசிப்பதில்லை, சுவரில் ஒட்டுவதில்லை. அந்த வீட்டார் தனியாகக் கேட்டால் தனியாகச் சொல்வோம். கல்யாண விஷயமும் அப்படியே. மத முறைப்படி மட்டும் நடந்த கல்யாணத்தை நீண்ட காலம் இங்கே சட்டம் ஏற்கவில்லை, அதனால் பழைய பதிவேடுகளில் முறையாகத் தாலி கட்டியவளின் பிள்ளைகளும் தகப்பன் பெயர் இல்லாமல் நிற்பார்கள். விவரம் தெரியாமல் இதைப் படித்துவிட்டு ஒரு பெரியவர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

மாதா மாதம் என்ன செய்வது என்று கேட்டீர்கள். ஒரு மாதம் பதிவு, ஒரு மாதம் நடை, ஒரு மாதம் கிராம மண்டபத்தில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு உட்காருவது. மக்கள் படத்தையும் பத்திரத்தையும் கொண்டுவருவார்கள், கண் முன்னாலேயே நகல் எடுத்துக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மூலத்தை ஒரு ராத்திரிகூட வைத்துக்கொள்ளாதீர்கள், யாருக்கும் இரவல் கொடுக்காதீர்கள். ஒரு விழாக் கண்காட்சிக்கென்று கேட்டார்களே என்று 1920களின் கல்யாணப் படம் ஒன்றைக் கொடுத்தோம், இன்றுவரை திரும்பி வரவில்லை. படத்தின் பின்னால் யார் எவர் என்று எழுத மை பேனா வேண்டாம், பென்சில். தலைவர், செயலாளர் எல்லாம் முதல் வருஷம் வேண்டாம். பதவி வந்தால் மாலை வரும், மாலை வந்தால் அடுத்த தேர்தலுக்கு ஆள் வருவார்.

நடைக்கு மாதம் பார்த்துப் போங்கள். ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை வெட்டு. அதற்கு முன்னால் கரும்பு ஆளுயரத்துக்கு மேல் நிற்கும், எதுவும் தெரியாது. உங்கள் ஊரைச் சுற்றி வெட்டு முடிந்த வாரத்தில் போனால் நிலம் தன்னைத் திறந்து காட்டும். ஆலை போன இடத்தில் புகைபோக்கி மட்டும் தனியாக நிற்கும், பழைய ரயில் பாதையின் மேடு தெரியும். வயல் நடுவே கூம்பு கூம்பாகக் கருங்கல் குவியல்கள் இருக்கும். எரிமலைக் கல்லைக் கையால் பொறுக்கி நம் ஆட்கள் அடுக்கியவை. ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றும், ஏறாதீர்கள், கல் சரியும், பூரானும் இருக்கும். ஒவ்வொரு குவியலையும் வரைபடத்தில் குறித்து, அந்தத் துண்டு நிலத்தை ஊரில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கூட வருகிற பெரியவரிடம் அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து கேட்டால் அவருக்கு ஞாபகம் வராது.